பாஸ்போர்ட் வாங்கிய பொம்மைகள்

ஒரு பொம்மைக்குப் பாஸ்போர்ட் கொடுத்தாங்கன்னு சொன்னா நம்புவீங்களா? விளையாட்டுக்குச் சொல்லலை. 1927இல் அமெரிக்காவிலிருந்து ஜப்பானுக்குப் போன பொம்மைகள் ஒவ்வொன்றின் கையிலும் ஒரு பாஸ்போர்ட், ஒரு கப்பல் டிக்கெட். டிக்கெட் 99 சென்ட், விசா 1 சென்ட். பொம்மையோட விலை சுமார் 3 டாலர். இப்படிப் போன பொம்மைகள் பத்தோ நூறோ இல்லை, பன்னிரண்டாயிரத்து எழுநூறுக்கும் மேல!

முதல் தடவை படிச்சப்போ "அடடா, என்ன அழகான கதை"ன்னுதான் நினைச்சேன். நவராத்திரி சமயத்துல ஒரு பதிவு தேத்திடலாம்னு ஒரு கணக்கும் மனசுல ஓடுச்சு :-) ஆனா தோண்டத் தோண்ட கதை அவ்வளவு இனிப்பா இல்லை. ஏன்னா அந்தப் பொம்மைகள் பாஸ்போர்ட்டோட கப்பல் ஏறின அதே வருஷத்துல, ஒரு ஜப்பானிய மனுஷன் அமெரிக்காவில் குடியேற விசா கேட்டிருந்தா கிடைச்சிருக்காது. சட்டமே அப்படி. அங்கேயிருந்துதான் ஆரம்பிக்கணும்.

1924இல் அமெரிக்கா ஒரு குடியேற்றச் சட்டம் கொண்டுவந்தது. ஒவ்வொரு நாட்டுக்கும் வருஷத்துக்கு இத்தனை பேர்தான்னு ஒரு ஒதுக்கீடு. அதோட நிறுத்தியிருந்தா ஜப்பானுக்கும் ஏதோ கொஞ்சம் இடம் கிடைச்சிருக்கும். கணக்குப்படி வருஷத்துக்கு நூற்றைம்பது பேர்கூடத் தேறியிருக்காது. அந்தச் சொற்ப எண்ணிக்கையையும் விட மனசில்லாம ஒரு வரி சேர்த்தாங்க: குடியுரிமை பெறத் தகுதியில்லாதவர்களுக்கு உள்ளே வர அனுமதியில்லை. சட்டத்துல ஜப்பான்ங்கற பேரே கிடையாது. ஆனா யாரைச் சொல்றாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். ஜப்பானியர் குடியுரிமைக்குத் தகுதியில்லாதவர்ன்னு 1922இலேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் தக்காவோ ஒசாவா வழக்கில் சொல்லியாச்சு. (நம்ம ஆளுங்களும் தப்பலை. அடுத்த வருஷமே, 1923இல், பகத் சிங் திந்த் என்ற பஞ்சாபியர் வழக்கில் இந்தியர்களுக்கும் அதே தீர்ப்பு.)

ஜப்பானுக்கு வலிச்சது எண்ணிக்கை இல்லை. முதல் உலகப் போர்ல கூட்டாளியா நின்னு, வெர்சாய் மாநாட்டுல பெரிய நாடுகளோட சரிசமமா உட்கார்ந்துட்டு வந்தவங்க அவங்க. "நீங்க எங்க வீட்டு வாசப்படி மிதிக்கவே லாயக்கில்லை"ன்னு சட்டம் போட்டுச் சொன்னா எப்படி இருக்கும்? சட்டம் அமலுக்கு வந்த 1924 ஜூலை 1ஐ அங்கே அவமான நாளாகவே அனுசரிச்சாங்க.

இந்தச் சட்டத்தை எதிர்த்துக் கத்தின அமெரிக்கர்கள்ல ஒருத்தர் சிட்னி கூலிக். 1888இல் கிறிஸ்தவ ஊழியராக ஜப்பான் போய், கால் நூற்றாண்டு அங்கேயே இருந்தவர். ஜப்பானிய மொழியில் சரளமாகப் பேசவும் எழுதவும் தெரிஞ்சவர். 1913இல் அமெரிக்கா திரும்பினார். வந்து பார்த்தா கலிபோர்னியாவில் ஜப்பானிய விவசாயிகள் நிலம் வாங்கக்கூடாதுன்னு சட்டம் போட்டுக்கிட்டிருக்காங்க. மனுஷன் அன்னிக்கு இறங்கினவர்தான். கூட்டம், புத்தகம், நாடாளுமன்றக் குழு முன்னாடி சாட்சின்னு ஓயாம அலைஞ்சார். "ஜப்பானோட கையாள்"னு பட்டம்தான் கிடைச்சது.

இதுல ஒரு கொடுமை என்னன்னா, நாட்டுவாரியா சதவீதம் வெச்சு ஆட்களை அனுமதிக்கலாம்னு 1914இலேயே யோசனை சொன்னவர்கள்ல கூலிக்கும் ஒருத்தர். எந்த இனத்தையும் ஒதுக்காம எல்லாருக்கும் ஒரே அளவுகோல்னு நினைச்சு அவர் சொன்னது. பத்து வருஷம் கழிச்சு அதே சதவீதக் கணக்கை எடுத்துக்கிட்டு, அவர் யாருக்காகச் சொன்னாரோ அவங்களையே வெளியே நிறுத்திட்டாங்க. அந்த மனுஷன் எப்படித் தூங்கியிருப்பார்னு யோசிச்சுப் பார்க்கிறேன்.

பெரியவங்க கிட்ட பேசிப் பிரயோஜனமில்லைன்னு முடிவுக்கு வந்தவர், குழந்தைகள் பக்கம் திரும்பினார். அங்கேதான் பொம்மை வருது.

ஜப்பானில் மார்ச் 3 ஹினாமட்சுரி, பொம்மைத் திருவிழா. நம்ம கொலுவைப் பார்த்தவங்களுக்கு அதை விளக்கவே வேண்டாம். படிக்கட்டு கட்டி, சிவப்புத் துணி விரிச்சு, மேல்படியில ராஜா ராணி, அடுத்த படியில மூணு பணிப்பெண்கள், அதுக்குக் கீழே அஞ்சு வாத்தியக்காரர்கள், அப்புறம் அமைச்சர், காவலர், கடைசிப் படிகள்ல குட்டிக் குட்டிப் பெட்டி, அலமாரி, பல்லக்கு. ஏழு படி வெச்சா பெரிய கொலு. பெண்குழந்தை பிறந்தா முதல் திருவிழாவுக்குத் தாய்வழித் தாத்தா பாட்டி பொம்மை செட் வாங்கித் தர்ற வழக்கம் உண்டு. நம்ம ஊர்ல கல்யாணப் பொண்ணுக்கு அம்மா வீட்டுல மரப்பாச்சி கொடுத்தனுப்புற மாதிரின்னு வெச்சுக்கோங்க. திருவிழா முடிஞ்சதும் சட்டுபுட்டுன்னு எடுத்து வைக்கணும், இல்லேன்னா அந்த வீட்டுப் பொண்ணுக்குக் கல்யாணம் தள்ளிப் போகும்னு ஒரு நம்பிக்கை வேற. எங்கே போனாலும் பாட்டிகள் பாட்டிகள்தான்.

பொம்மைங்கறது அந்த ஊர்ல வெறும் விளையாட்டுச் சாமான் இல்லை, விருந்தாளி மாதிரின்னு கூலிக்குக்குத் தெரியும். அமெரிக்கக் குழந்தைகள் ஆளுக்கொரு பொம்மை அனுப்பினா என்னன்னு ஆரம்பிச்சார். தேவாலயங்களின் கூட்டமைப்பு ஒன்றின் கீழ் ஒரு குழு. பள்ளிக்கூடங்கள், ஞாயிறு வகுப்புகள், சாரணியர், பெண்கள் சங்கங்கள்னு எல்லாரும் இறங்கினாங்க. குழந்தைகள் காசு சேர்த்துப் பொம்மை வாங்கி, அம்மாக்களும் பாட்டிகளும் சட்டை தெச்சு, பேர் வெச்சு, கடிதம் எழுதி வெச்சு அனுப்பினாங்க. சாய்ச்சா கண்ணை மூடும், "மம்மா"ன்னு கத்தும் பொம்மைகள். உயரம் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு.

1927 மார்ச் 3. டோக்கியோவில் வரவேற்பு விழா. முன்னாடி நின்னு வாங்கிக்கிட்டவர் ஷிபுசாவா எய்ச்சி. இவரைப் பத்தி ஒரு வார்த்தை. ஜப்பானிய முதலாளித்துவத்தின் தந்தைன்னு பேர் வாங்கினவர். வங்கி, காகித ஆலை, ரயில்வேன்னு அவர் கை வைக்காத தொழில் கிடையாது. 2024 ஜூலையில் வெளிவந்த பத்தாயிரம் யென் நோட்டுல இருக்கறது இவர் முகம்தான். அன்னிக்கு அவருக்கு வயசு எண்பத்தாறு. அமெரிக்காவோட சண்டை வரக்கூடாதுன்னு கடைசிக் காலத்துல பாடுபட்டவர்.

பொம்மைகள் ஜப்பான் முழுக்க ஆரம்பப் பள்ளிகளுக்கும் மழலையர் பள்ளிகளுக்கும் போச்சு. கிராமத்துப் பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க வரிசையா நின்னு, வாத்தியார் பொம்மையைச் சாய்க்க, அது "மம்மா"ன்னு கத்த, கூட்டமே வாயைப் பிளக்கும். அங்கே அதுக்கு முன்னாடியே, 1921இல், நீலக்கண் பொம்மையைப் பத்தி நோகுச்சி உஜோ எழுதி மோட்டூரி நாகயோ இசையமைச்ச ஒரு குழந்தைப் பாட்டு ஊரெல்லாம் பிரபலம். அமெரிக்கப் பொம்மைகளுக்கு அந்தப் பாட்டுப் பேரே நிலைச்சுப் போச்சு: நீலக்கண் பொம்மைகள். எல்லாப் பொம்மைக்கும் கண்ணு நீலமில்லைங்கறது வேற விஷயம்.

வீட்டுக்கு ஒருத்தர் பட்சணம் கொடுத்தனுப்பினா பாத்திரத்தைக் காலியாத் திருப்பி அனுப்புவோமா? ஜப்பான்காரங்களும் அனுப்பலை. பதில் மரியாதைப் பொம்மைகள்னு ஒரு திட்டம் போட்டாங்க. பன்னிரண்டாயிரத்துக்குப் பன்னிரண்டாயிரம்னு போட்டி போடாம, எண்ணிக்கையைக் குறைச்சு வேலைப்பாட்டைக் கூட்டினாங்க. மொத்தம் 58 பொம்மைகள். மாகாணங்கள் 47, பெரிய நகரங்கள் 6, கொரியா, தைவான் மாதிரி ஆட்சிப்பகுதிகள் 4, நாட்டுக்கே பொதுவா "மிஸ் ஜப்பான்" ஒன்று. கூட்டிக்கோங்க.

காசு எங்கேயிருந்து? பொம்மை வந்த பள்ளிகளின் மாணவிகள் தலைக்கு 1 சென். ஒரு யென்னுக்கு நூறு சென். அப்படிக் கொடுத்தவங்க சுமார் 26 லட்சம் பேர்னு சொல்றாங்க. ஒரு பொம்மைக்கு உடை, சாமான்களோட சேர்த்து ஆன செலவு சுமார் 350 யென். சும்மா கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 26 லட்சம் சென்னா 26,000 யென். 58 பொம்மைக்கு 20,300 யென். மிச்சம் கப்பல் செலவுக்கு. கணக்கு இடிக்கலை! 350 யென்ங்கறது அந்தக் காலத்துல ஓர் ஆரம்பப் பள்ளி ஆசிரியரோட பல மாதச் சம்பளம். ஒரு பக்கம் 3 டாலர் பொம்மை ஆயிரக்கணக்கில், மறுபக்கம் ராஜகுமாரி மாதிரி 58. யார் பெருசுன்னு காட்டுற வீம்பும் இதுல கொஞ்சம் ஒளிஞ்சிருக்குன்னு எனக்குத் தோணுது. அவமானப்பட்டவங்க கொடுக்குற பதில் மரியாதை கொஞ்சம் கனமாத்தான் இருக்கும்.

இந்தப் பொம்மைகளின் வகைக்கு இச்சிமாட்சு நிங்க்யோன்னு பேர். (நிங்க்யோன்னா பொம்மை. எழுத்துப்படி பார்த்தா "மனித உருவம்".) உயரம் சுமார் 81 சென்டிமீட்டர், நாலஞ்சு வயசுப் பெண்குழந்தை நிக்கிற மாதிரி. சிப்பி ஓட்டை அரைச்ச வெள்ளைப் பொடிக்கு கோஃபுன்னு பேர். அதைப் பசையோட குழைச்சு, முகத்துக்கு ஒரு பூச்சு, காயவிட்டு மறுபடி ஒரு பூச்சு, தேய்ச்சு, மறுபடி ஒரு பூச்சுன்னு போய்க்கிட்டே இருக்கும். அதனாலதான் அந்த முகத்துல பீங்கானோட பளபளப்பு இல்லாம, குழந்தைத் தோலோட மினுமினுப்பு. கண்ணு கண்ணாடி. முடி மனுஷ முடி. பட்டுக் கிமோனோ. கூடவே அலமாரி, கண்ணாடி, தேநீர் செட், விளக்கு, குடை, செருப்புன்னு ஒரு பொண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புற சீர்வரிசை முழுக்கக் குட்டி சைஸுல.

செய்ய பொம்மைக் கலைஞர்களுக்குள்ள போட்டியே வெச்சாங்க. டோக்கியோவில் 1711லிருந்து இயங்கி வரும் யோஷிதொக்கு பொம்மைக் கடைதான் வேலையைப் பெரும்பாலும் ஒருங்கிணைச்சது. போட்டியில முதலிடம் வாங்கினவர் ஹிராத்தா கோயோ. வயசு இருபத்து நாலோ என்னமோதான். பொம்மை செய்யறவன்னா கைவேலைக்காரன், கலைஞன் இல்லைங்கற நினைப்பு அன்னிக்கு இருந்தது. அதை மாத்த இந்தப் பொம்மைகள் ஒரு தொடக்கம். 1936இல் அரசுக் கலைக் கண்காட்சியில் பொம்மைகளுக்கும் இடம் கிடைச்சது. 1955இல் ஹிராத்தா கோயோவை "வாழும் தேசியச் செல்வம்"னு ஜப்பான் அறிவிச்சது. நம்ம பண்ருட்டியில, காஞ்சிபுரத்துல கொலுப் பொம்மை செய்யறவங்க ஒருத்தருக்கு இந்த மாதிரி ஒரு மரியாதை கிடைச்சா எப்படி இருக்கும்னு ஒரு ஏக்கம் வந்தது உண்மை.

ஒரு உறுத்தலையும் சொல்லிடறேன். அந்த 58இல் கொரியா பேர்ல ஒண்ணு, தைவான் பேர்ல ஒண்ணு. ரெண்டுமே அன்னிக்கு ஜப்பான் பிடிச்சு வெச்சிருந்த நாடுகள். "எங்களைச் சமமா நடத்தலையே"ன்னு அமெரிக்காகிட்ட மனசு வருத்தப்பட்ட நாடு, தான் அடக்கி ஆண்ட ஊர்களோட பேரையும் ஒரு பொம்மைக்கு வெச்சு நட்புத் தூது அனுப்பியிருக்கு. நட்பு பேசினவங்க கண்ணுக்கு இது தெரியலையா, தெரிஞ்சும் பேசலையா? ரெண்டுல எது மோசம்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க.

1927 நவம்பரில் டோக்கியோவில் பொம்மைகளுக்கு வழியனுப்பு விழா. யோகஹாமா துறைமுகத்திலிருந்து தென்யோ மாரு கப்பல். இவங்களுக்கும் பாஸ்போர்ட், டிக்கெட் எல்லாம் உண்டு. சான் பிரான்சிஸ்கோவில் இறங்கி, வாஷிங்டன் போய், 1928 முழுக்க அமெரிக்காவைச் சுத்தினாங்க. நூற்றுக்கணக்கான ஊர்களில் வரவேற்பு, தேநீர் விருந்து. அப்புறம் மாநிலத்துக்கு ஒண்ணா அருங்காட்சியகம், நூலகம்னு குடியமர்த்தினாங்க. மிஸ் ஜப்பான் வாஷிங்டன் ஸ்மித்சோனியனுக்குப் போனது. மிஸ் நாகசாகி நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டருக்கு, மிஸ் ககாவா வட கரோலினாவின் ராலேவுக்கு.

சுத்தின சுத்துல ஒரு கூத்து நடந்தது. ஊர் ஊராப் பெட்டியைத் திறந்து அடுக்கி மறுபடி கட்டும்போது பேர்ப்பலகையும் சீர்வரிசையும் மாறிப் போச்சு. ஒருத்தியோட பேர் இன்னொருத்திக்கு. பல வருஷம் கழிச்சு, கிமோனோவில் இருக்கற குலச் சின்னத்தையும் பழைய புகைப்படங்களையும் ஒப்பிட்டுத்தான் "இவ அவ இல்லை"ன்னு பல பொம்மைகளைக் கண்டுபிடிச்சாங்க. அமெரிக்காவுக்குப் போனா பேர் மாறிடும்ங்கறது மனுஷங்களுக்கு மட்டும் இல்லை போலிருக்கு :-)

இதோட நிறுத்தியிருந்தா சுபம் போட்டிருக்கலாம்.

1931 செப்டம்பரில் ஜப்பான் ராணுவம் மஞ்சூரியாவில் இறங்கியது. அதே நவம்பரில் ஷிபுசாவா இறந்து போனார். பத்து வருஷத்துல பேர்ல் ஹார்பர். 1942 பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் போட்ட ஒரு கையெழுத்தில், ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேர் வீடு வாசலை விட்டு முள்வேலி முகாம்களுக்குப் போனாங்க. அதுல பெரும்பாலானவங்க அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள். கிமோனோ பொம்மைகள் பல அருங்காட்சியகங்களில் கண்ணாடிப் பெட்டியிலிருந்து கிடங்குக்குப் போச்சு. சிலது காணாமலே போச்சு.

ஜப்பான் பக்கம் இன்னும் மோசம். 1943 பிப்ரவரியில் மைனிச்சி நாளிதழில் ஒரு செய்தி. வடக்கே அவோமோரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் நீலக்கண் பொம்மையை என்ன செய்யலாம்னு பிள்ளைகளையே கேட்டிருக்காங்க. எரிக்கணும், உடைக்கணும்னு சொன்னவங்கதான் அதிகம். கடல்ல போடணும்னு சிலர். திருப்பி அமெரிக்காவுக்கே அனுப்பிடலாம்னு சிலர். கண்ணுல படுற இடத்துல வெச்சுத் தினமும் கொடுமைப்படுத்தணும்னு சிலர். உளவாளின்னு நினைச்சு ஜாக்கிரதையா இருக்கணும்னு சொன்ன பிள்ளையும் உண்டு.

இந்த இடத்துல நான் கொஞ்ச நேரம் படிக்கறதை நிறுத்திட்டேன். அந்தப் பிள்ளைகள் மேல கோபம் வரலை. பதினாறு வருஷம் முன்னாடி அதே மாதிரி ஒரு பள்ளிக்கூடத்துல அதே மாதிரி ஒரு பொம்மைக்குப் பாட்டுப் பாடின பிள்ளைகளும் இப்படித்தான் பெரியவங்க சொன்னதைச் செஞ்சாங்க. அன்னிக்குக் கட்டிக்கச் சொன்னாங்க, இன்னிக்குக் குத்தச் சொன்னாங்க. பல பள்ளி மைதானங்களில் பிள்ளைகள் முன்னாடியே பொம்மைகளை எரிச்சாங்க. மூங்கில் ஈட்டியால குத்த வெச்சாங்க.

கூலிக்கோட திட்டம் முழுத் தோல்வின்னு இதை வெச்சுச் சொல்றவங்க இருக்காங்க. நானும் முதல்ல அப்படித்தான் நினைச்சேன். சட்டத்தை மாத்த முடியாம குழந்தைங்க தலையில பாரத்தை ஏத்தின கதை, பெரியவங்க பண்ணின தப்புக்குப் பொம்மையை விட்டு மன்னிப்புக் கேட்டா எடுபடுமா, அப்படின்னெல்லாம். சட்டம் மாறவும் இல்லை. ஜப்பானியர் குடியேறத் தடை நீங்கினது 1952இல். ஒதுக்கீட்டு முறையே ஒழிஞ்சது 1965இல். அதுல பொம்மைக்குப் பங்கு இருந்ததுன்னு யாரும் சொல்ல முடியாது.

ஆனா இன்னொரு எண்ணிக்கை இருக்கு. அந்தப் பன்னிரண்டாயிரத்துச் சொச்சத்துல இன்னிக்கு ஜப்பானில் முன்னூற்றுச் சொச்சம் பொம்மைகள் மிஞ்சியிருக்கு. நூற்றுக்கு மூணுகூட இல்லை. பள்ளிக்கூடத்து அலமாரிக்குப் பின்னாடி, உத்தரத்து மேல, சாமான் அறைப் பெட்டிக்குள்ள, துணி சுத்தின மூட்டையா ஒவ்வொண்ணாக் கிடைச்சது. 1973இல் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்.ஹெச்.கே. இந்தப் பொம்மைகளில் ஒன்றைப் பத்தி நிகழ்ச்சி காட்டின பிறகு, "எங்க பள்ளியிலயும் ஒண்ணு இருக்கு"ன்னு ஊர் ஊரா வெளியே வர ஆரம்பிச்சது.

பொம்மை தானா நடந்து போய் உத்தரத்துல ஏறாது. ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி ஓர் ஆள் இருந்திருக்கணும். ஒரு வாத்தியார், ஒரு டீச்சரம்மா, பள்ளிக்கூடக் காவல்காரர். மத்தவங்க எல்லாம் "எதிரி"ன்னு சொல்லிக்கிட்டிருக்கும்போது, "இது பொம்மைடா"ன்னு மனசுக்குள்ள மட்டும் சொல்லிக்கிட்டு, ராத்திரியில எடுத்து ஒளிச்சு வெச்சவங்க. மாட்டியிருந்தா தேசத்துரோகின்னு பட்டம் வந்திருக்கும். இவங்கள்ல பலர் பேர்கூட நமக்குத் தெரியாது. போரை நிறுத்துற சக்தி இவங்களுக்கு இல்லை. தன் கைக்கு எட்டின ஒரு பொருளைத் தன் கையால கொல்ல மாட்டேன்னு சொல்ற சக்தி இருந்தது. நட்புத் தூது எங்கேயாவது போய்ச் சேர்ந்ததுன்னா அது இவங்ககிட்டதான்.

58 கிமோனோ பொம்மைகளில் நாற்பதுக்கும் மேல இருக்கற இடம் தெரிஞ்சிருக்கு. பலதும் பழுது பார்க்கறதுக்காகவும், பேர் தாங்கின ஊர்ல கண்காட்சிக்காகவும் ஜப்பானுக்கு ஒரு நடை போய்வந்தது. அறுபது வருஷம் கழிச்சு அதே யோஷிதொக்கு பட்டறையில் முகப்பூச்சு புதுப்பிச்சுக்கிட்டவங்களும் உண்டு. தாய்வீடு போய்ட்டு வந்த மாதிரி.

சிட்னி கூலிக் 1945 டிசம்பரில் இறந்தார். போர் முடிஞ்ச அதே வருஷம், ஹிரோஷிமா, நாகசாகி செய்தியெல்லாம் வந்து நாலு மாசம். உத்தரத்துல பொம்மைகள் மிச்சமிருக்கறது வெளியே வர இன்னும் இருபத்தெட்டு வருஷம் இருந்தது. அது அவருக்குத் தெரியாமலே போச்சு. 1980களில் அவர் பேரன் மறுபடி ஜப்பானியப் பள்ளிகளுக்குப் பொம்மை அனுப்ப ஆரம்பிச்சார்.

நம்ம நாட்டுக்கும் இதுல ஒரு நூல் இருக்கு. பொம்மைகளை எரிச்ச அதே 1943இல் டோக்கியோ உவேனோ உயிரியல் பூங்காவில், குண்டு விழுந்து மிருகங்கள் தப்பிச்சா ஆபத்துன்னு மூணு யானைகளைப் பட்டினி போட்டே கொன்னாங்க. போர் முடிஞ்சு, யானையே பார்த்திராத டோக்கியோ குழந்தைகள் நேருவுக்குக் கடிதம் எழுதினாங்க. 1949 செப்டம்பரில் இந்தியாவிலிருந்து ஒரு யானை போய் இறங்கியது. தன் மகள் பேரையே வெச்சிருந்தார் நேரு: இந்திரா. பொம்மையை எதிரின்னு சொல்லிக் கொடுத்த ஊர்ல, குழந்தைகளே பேனா எடுத்து ஒரு நட்பைக் கேட்டு வாங்கினாங்க.

இந்த வருஷம் கொலுவில் மரப்பாச்சியைத் துடைச்சு வைக்கும்போது, உத்தரத்து மூட்டைக்குள்ள முப்பது வருஷம் கண்ணை மூடிப் படுத்திருந்த அந்தப் பொம்மைகள் ஞாபகம் வரும்னு நினைக்கிறேன். உங்க வீட்டுப் பரண்ல யாராவது எதையாவது இப்படிக் காப்பாத்தி வெச்ச கதை இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே.

கொசுறு: இச்சிமாட்சுங்கற பேர் பதினெட்டாம் நூற்றாண்டு கபுகி நடிகர் சானோகாவா இச்சிமாட்சுவிடமிருந்து வந்தது. அவர் மேடையில் போட்ட கட்டம் போட்ட கால்சட்டை அப்போ பெரிய ஃபேஷன். அந்தக் கட்டம் டிசைனுக்கும் அவர் பேர்தான். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக் சின்னத்துல நீலக் கட்டமா வந்ததே, அதே இச்சிமாட்சுதான்!